காதுகுத்தில் எடுத்த சாவுப் பட்டியல்

நான் ஆளைக் கடத்தியது ஒரே ஒரு தடவைதான். என் பெரியப்பா மகனை. பட்டப்பகலில், காதுகுத்துப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது.

நான் லாரி டிரைவர். செந்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழியிலிருந்து ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஓட்டினேன். ஐந்தாவது வரை படித்தேன். அதிகம் பேச மாட்டேன். எழுதுவது அதைவிடக் குறைவு. இதை எழுத வைத்தது என் மகள். "நீங்களே எழுதிடுங்கப்பா. பெரியப்பா சொல்றது தடவைக்குத் தடவ மாறுது" என்றாள். உண்மைதான். நான் கடத்திய அண்ணன்தான் அவளுக்குப் பெரியப்பா; அவர் சொல்கிற கதையில் இப்போது என் கையில் அரிவாள் இருக்கிறது.

ஆறு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. லாரி செட்டில் டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் வைத்தார்கள். அதில் பாஸ் ஆனால்தான் ஆலை கேட்டுக்குள் போகச் சீட்டு. எனக்கு அதில் ஒரு பயம் இருந்தது. இரண்டு மாதமாக, படுதா கட்ட லோடு மேல் ஏறினால் நெஞ்சில் யாரோ கை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். இறங்கினால் சரியாகிவிடும். கல்லுத்தூசி என்று நினைத்துக்கொண்டேன். தூசியே இல்லாத வீட்டு மாடிப்படியிலும் அழுத்தியது. அங்கேயும் தூசி என்றே நினைத்தேன்.

முகாமில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. நிமிராமல் கேட்டார்.

"பீடி, சிகரெட்?"

"சிகரெட் இல்லைங்க."

"பீடி?"

"அது இருக்குங்க."

"ஒரு நாளைக்கு எத்தன?"

"கட்டப் பிரிக்கறதோட சரிங்க. எண்றதில்ல."

எழுதிக்கொண்டார். ஊறுகாய், கருவாடு, தூக்கம் எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னேன். நெஞ்சு அழுத்துவதை மட்டும் சொல்லவில்லை. (சொன்னால் சீட்டு போய்விடும். உயிர் போவதைப் பற்றி யோசிக்கவில்லை.) பிரஷர் பார்த்தார். கருவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கருவியைப் பார்த்தார்.

"நான் ஒல்லிங்க" என்றேன். "ஹார்ட்டு வியாதி குண்டா இருக்கறவங்களுக்குத்தானே வரும்?"

"அது என்ன தராசு வச்சிக்கிட்டா வருது? அப்பா இருக்காரா?"

"இல்லைங்க. ஐம்பத்தோரு வயசுல போயிட்டாரு."

"எதனால?"

"வாயுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க வகையறாவுல நெறைய பேரு வாயுலதான் போயிருக்காங்க" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"வாயுவுல யாரும் சாகறதில்லைங்க" என்றார். "பீடிய விடலாம். உப்பக் கொறைக்கலாம். பொறந்த வகையறாவ மாத்த முடியாது. அதனாலதான் அது தெரியணும். உங்கப்பா, அவரு கூடப்பொறந்தவங்க, யார் யாரு எந்த வயசுல எப்படி ஆச்சுன்னு கேட்டு எழுதிட்டு வாங்க. ரத்த டெஸ்டும் எடுத்துட்டு புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க. அதுவரைக்கும் வண்டி வேணாம்."

சீட்டு கிடைக்கவில்லை. ஆனால் ஒரு வேலை கிடைத்தது. கொடுத்த வேலையை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலியபெருமாள் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. இவர்தான் பெரியப்பா மகன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். செந்துறைக்குப் பக்கத்தில் குலசாமி கோயில். குரும்பலூர் முதல் ஜெயங்கொண்டம் வரை சிதறிக் கிடக்கிற பங்காளிகள் மொத்தமும் அங்கே வருவார்கள். வீடு வீடாக ஏறி இறங்க வேண்டாம். ஒரே இடத்தில் லோடு. (என் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.)

என் வீட்டுக்காரி மட்டும் தடுத்தாள்.

"நல்ல காரியத்துல போயி, யாரு எப்பச் செத்தாங்கன்னு கேக்கப் போறீங்களா?"

"மெதுவாக் கேப்பேன்."

"மெதுவாக் கேட்டா அது வேற கேள்வியாயிடுமா?"

வெள்ளைச் சட்டை போட்டேன். மகளின் பரீட்சை அட்டையில் நாலு முழுத்தாளைச் செருகினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பெயர். தகப்பனார் பெயர். வயது. இறந்த விதம். சட்டைப்பையில் இரண்டு பேனா. கண்ணாடியில் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்க்க அப்படியே கிராம நிர்வாக அலுவலர் மாதிரி இருந்தேன்.

கோயிலில் முதலில் மாணிக்கம் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுபத்து நாலு வயது. வகையறாவில் மிச்சமிருக்கிற மூத்தவர். காது மந்தம். மேளம் வேறு காதைப் பிளந்தது. ஆசாரி குழந்தையின் காதைப் பிடித்துவிட்டார். நான் சித்தப்பா காதருகே குனிந்து, மேளத்துக்கு மேலே கத்தினேன்.

"சித்தப்பா! எங்கப்பாவெல்லாம் எப்படிச் செத்தாங்க?"

கத்தி முடிப்பதற்குள் மேளம் நின்றுவிட்டது. "செத்தாங்க" மட்டும் கோயில் முழுக்கக் கேட்டது. ஆசாரி கையை எடுத்துக்கொண்டார். குழந்தை என்னைப் பார்த்துத்தான் அழுதது. இன்னும் காது குத்தியிருக்கவில்லை.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "இதுக்கு ஒரு சட்ட வேற, வெள்ளையா!" அது என் வீட்டுக்காரியின் குரல்.

அத்துடன் எழுந்து போயிருக்கலாம். புதன்கிழமை ஞாபகம் வந்தது. உட்கார்ந்தே இருந்தேன். காதுகுத்தி முடிந்து, பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் சித்தப்பாவே ஆரம்பித்தார்.

"ஒங்கப்பன் நல்ல சாவுடா. காலைல கஞ்சி குடிச்சான். நெஞ்சு கரிக்குதுன்னான். சோடா குடிச்சான். கட்டில்ல சாஞ்சான். அவ்வளவுதான்."

எழுதினேன். நான் எழுத்துக் கூட்டி, பெரிசு பெரிசாக எழுதுகிறவன். தூரத்திலிருந்தே படிக்கலாம்.

"ஒங்க பெரியப்பன் பம்புசெட்டு மேடைல உக்காந்தபடியே போனான். யாருக்கும் தெரியல. தண்ணி பாய்ஞ்சு அடுத்த காட்டுக்குப் போயிடுச்சு. அந்தக் காட்டுக்காரன் வந்து, செத்தவன் முன்னால நின்னு பத்து நிமிசம் திட்டியிருக்கான். பதில் பேசலன்னதும் அவனுக்குக் கோவம் இன்னும் அதிகமாயிடுச்சு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னும் இரண்டு பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். "எங்கப்பாவையும் எழுதிக்க" என்றார் ஒருவர். "பந்தியில பாயசத்துக்குக் கைய நீட்டுனாரு. பாயசம் ஊத்தறதுக்குள்ள போயிட்டாரு." அடுத்தவர் விடவில்லை. "அதெல்லாம் என்ன? எங்கப்பா சைக்கிள்ல இருந்து எறங்கி, ஸ்டாண்டு போட்டுட்டுப் போனாரு."

போட்டியாகிவிட்டது. மாணிக்கம் சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "நம்ம வகையறாவுல ஒருத்தன் பாயில கெடந்து சீரழிஞ்சதில்லடா. சாமி குடுத்த வரம்." உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு எங்கம்மா வழி ஒடம்பு. அதான் இன்னும் இருக்கேன்." சொல்லும்போது வெட்கப்பட்டார்.

நான் தாளைப் பார்த்தேன். ஆறு பெயர். வயது: ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு, ஐம்பத்து மூன்று... அறுபதைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. இறந்த விதம் என்ற கட்டத்தில் ஆறு தடவை வாயு. அதில் மூன்று பேர் கடைசியாகச் சோடா கேட்டிருக்கிறார்கள். இந்த வரத்தைப் பற்றி நானே எத்தனையோ இடத்தில் பெருமை பேசியிருக்கிறேன். வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் அது வரமாகத் தெரியவில்லை. அடுத்த கோடு காலியாக இருந்தது.

அப்போது தாளின் மேல் நிழல் விழுந்தது. கலியபெருமாள் அண்ணன். பந்தியைக் கவனிக்காமல் யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருக்கிறார்.

"என்னடா எழுதற?"

"செத்தவங்க பேருண்ணே. சும்மா."

"தகப்பனார் பேரு எதுக்கு?"

"ஒரே பேருல ரெண்டு பேரு இருக்காங்கண்ணே. கொழம்பிடக் கூடாதுல்ல."

"வாரிசு சர்டிபிகேட்டுக்கும் இப்படித்தாண்டா கேப்பான்!"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று ஏக்கர் முந்திரிக்காடு உண்டு. கூட்டுப்பட்டா. பிரிக்கவில்லை. அதற்குப் பக்கத்துக் காடு வரை சுண்ணாம்புக்கல்லுக்கு அளந்து சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் யாராவது பேப்பரும் பேனாவும் எடுத்துச் செத்தவர் பெயரைக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என்னைத் தவிர அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.

"கல்லுக்காரனுக்கு விக்கப் போறியா? எங்கப்பன் வச்ச மரம்டா அது!"

"டாக்டரம்மா கேட்டாங்கண்ணே. என் ஹார்ட்டுக்கு."

"ஒன் ஹார்ட்டுக்கு எங்கப்பன் எந்த வயசுல செத்தான்னு எதுக்குடா?"

இந்தக் கேள்விக்கு டாக்டரம்மா பதில் சொல்லியிருப்பார். அண்ணன் அட்டையைப் பிடுங்கினார். நான் விடவில்லை. அவர் இழுத்தார். பட்டியல் குறுக்கே கிழிந்தது. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்தார்கள். கறிக்குழம்பு பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி கரண்டியோடு ஓடி வந்தார்.

அண்ணன் கையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. மறு கையால் தன் தோளைப் பிடித்துக்கொண்டார். கவிழ்த்துப் போட்டிருந்த அண்டா மேல் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. நிழலில்தான் இருந்தார்.

"ஒண்ணுமில்ல. வாயு" என்றார். "யாராச்சும் சோடா வாங்கியாங்க."

மூன்று பேர் கடைக்கு ஓடினார்கள்.

நான் கையில் மிச்சமிருந்த பாதித் தாளைப் பார்த்தேன். அண்ணனைப் பார்த்தேன்.

"சோடா வேணாம். வண்டிய எடு" என்றேன். சமையல் பாத்திரம் ஏற்றி வந்த வேனின் டிரைவர் பந்தியில் முதல் வாய் வைத்திருந்தான். சாவி வண்டியிலேயே இருந்தது. அண்ணனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அவர் என்னைவிட இருபது கிலோ கூட. என் நெஞ்சும் அழுத்தியது. நீ வரிசையில் நில் என்று அதனிடம் சொன்னேன். (இப்போது என்றால் 108-ஐக் கூப்பிட்டிருப்பேன். நெஞ்சு அழுத்துகிற ஒருவன் இன்னொருவனைத் தூக்கி ஏற்றி, தானே வண்டியும் ஓட்டியதைக் கேட்டு டாக்டர்கள் பிற்பாடு என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.)

"எங்கடா கொண்டு போற?"

"அரியலூர், ஆஸ்பத்திரிக்கு."

"பொய் சொல்றான்!" அண்ணன் ஜன்னல் வழியாகக் கத்தினார். "கையெழுத்து வாங்க ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கொண்டு போறான்! என்னக் கடத்துறான்! புடிங்கடா!"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமண்ணே. ரிஜிஸ்டர் ஆபீஸ் ஏது?"

"நீ தொறக்கச் சொல்லி வச்சிருப்ப!"

அண்ணி கரண்டியோடு பின்னால் ஏறிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பைக்கில் நாலு பங்காளிகள் துரத்தி வந்தார்கள். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். பாத்திரங்கள் உருண்டன. ஒவ்வொரு வேகத்தடையிலும் அண்ணன் "கொலகாரப் பாவி" என்றார். நாலாவது வேகத்தடைக்கு அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பேசுண்ணே" என்றேன். "திட்டு."

"ஒனக்கு ஒரு மரம் கூடத் தர மாட்டேன்" என்றார் மெதுவாக. எனக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். அண்ணன் என்னைத் திட்டித் துள்ளியதில் முதல் தடவை கோடு சரியாக விழவில்லை. அந்தத் தாளை ஒதுக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார்கள். பார்த்த டாக்டர் உடனே எழுந்துவிட்டார்.

"ஹார்ட் அட்டாக். ரத்தக் கட்டி அடைச்சிருக்கு. கரைக்க ஊசி போடணும். நேரம் ஆக ஆக தச செத்துக்கிட்டே போகும். இதுல கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

ஒரு படிவத்தை நீட்டினார். அதைப் பார்த்ததும் அண்ணன் ஆக்சிஜன் குழாயைத் தள்ளிவிட்டு எழப் பார்த்தார்.

"பாத்தியா? பத்திரம் வந்துடுச்சு!"

"நீங்க போடுங்க அண்ணி" என்றேன்.

"அவரு நெனவோட இருக்காருங்க" என்றார் டாக்டர். "அவரேதான் சம்மதிக்கணும்."

"போட்டுத் தொலைங்களேன்!" அண்ணி கரண்டியை ஆட்டினார்.

"நீயும் அவன்கூடக் கூட்டா?"

படிவத்தை நானே படித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டித்தான். "ரத்தக்கசிவு ஏற்பட வாய்ப்பு" என்ற இடத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். எனக்குத் தாண்டிப் படிக்கத் தெரியாது. அண்ணன் கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். என் அப்பா கட்டிலில் சாய்ந்த அந்தக் காலையில் நானும் சோடா வாங்கத்தான் ஓடினேன். எனக்கு அப்போது இருபது வயது. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஒதுக்கிப் போட்ட இ.சி.ஜி. தாள் மேஜையில் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன். சட்டைப்பையில் பேனா இருந்தது.

"முந்திரிக்காட்டில் என் பங்கை அண்ணன் கலியபெருமாளுக்கு விட்டுக் கொடுத்தேன். இனி கேட்க மாட்டேன்" என்று எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை. கீழே கையெழுத்துப் போட்டு அவர் மார்பில் வைத்தேன்.

"இந்தாண்ணே. காடு ஒன்னுது. இப்பப் போடு."

அண்ணன் படித்தார். மூச்சு வாங்கிற்று. "சாட்சி?" என்றார்.

துரத்தி வந்த பங்காளிகள் அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார்கள். என்னை அடிக்க வந்தவர்கள். அவர்களில் இரண்டு பேரைப் பிடித்து நிறுத்திக் கையெழுத்து வாங்கினேன். எதற்கு என்று அவர்களுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

அண்ணன் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். அப்புறம்தான் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஊசி போட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் வேர்வை நின்றது. நான் சுவரில் சாய்ந்தேன். நர்ஸ் என்னையே பார்த்தார்.

"நீங்க ஏன் நெஞ்சத் தடவிக்கிட்டே இருக்கீங்க?"

இனி மறைத்து என்ன? சீட்டும் இல்லை, காடும் இல்லை. இரண்டு மாதக் கதையைச் சொன்னேன். அரை மணியில் நான் பக்கத்துக் கட்டிலில். அண்ணன் தலையைத் திருப்பிப் பார்த்தார். தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு திருச்சிக்குப் போனோம். அவருக்கு ஸ்டெண்ட் வைத்தார்கள். எனக்கு அடைப்பு அந்த அளவுக்கு இல்லை. மாத்திரை போதும் என்றார்கள். டாக்டரம்மாவிடம் பாதிப் பட்டியலைத்தான் காட்ட முடிந்தது. "இதுவே போதும்" என்றார். பீடியை அன்றோடு விட்டேன். எளிது இல்லை. மூன்று மாதம் கண்ணில் பட்டவரிடமெல்லாம் சண்டை போட்டேன். அதிகம் பேசாதவன் அந்த மூன்று மாதம் நிறையப் பேசினேன் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். ஊறுகாய் போனது. கருவாடு போனது. லோடு மேல் ஏறுகிற வேலையும் போனது. இப்போது லாரி செட்டில் வண்டி நம்பர் எழுதுகிறேன்.

அதோடு விடவில்லை. வகையறாவில் முப்பது வயது தாண்டிய ஆண்கள் அத்தனை பேரையும் பெரம்பலூருக்குக் கொண்டுபோய் டெஸ்ட் எடுக்க வைத்தேன். நான் ஓட்டுகிற வேனில் ஏற மாட்டோம் என்றார்கள். பஸ்ஸில் கூட்டிப் போனேன். நாலு பேருக்குப் பிரஷர், இரண்டு பேருக்குச் சுகர். மாணிக்கம் சித்தப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. அவர் அன்றைக்கும் வெட்கப்பட்டார். இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் நுழைந்தால் யாரும் வாங்க என்று சொல்வதில்லை. "நூத்தி முப்பதுக்கு எம்பது" என்று அவரவர் பிரஷரைச் சொல்கிறார்கள்.

கலியபெருமாள் அண்ணன் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த இ.சி.ஜி. தாளை லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். விசேஷத்துக்கு விசேஷம் எடுத்து வந்து, கடத்தல் கதையைச் சொல்லி, கடைசியில் அதைத் தூக்கிக் காட்டுவார். ஒரு பக்கம் அவர் நெஞ்சு, மறுபக்கம் என் காடு. அந்தப் பேப்பர் செல்லாது என்று வக்கீல் அவரிடமே சொல்லிவிட்டார். "அப்பறம் என்னத்துக்குண்ணே? கிழிச்சுப் போடு" என்று ஒரு தடவை கேட்டேன். "கிழிச்சுட்டா, நான் பொழச்சதுக்கு என்னடா அத்தாட்சி?" என்றார். பட்டா இன்னும் கூட்டாகத்தான் இருக்கிறது. கல்லுக்காரர்கள் வந்து கேட்டபோது இரண்டு பேரும் சேர்ந்துதான் முடியாது என்றோம்.

ஆனால் முந்திரி எடுப்பது அவர் மட்டும். எனக்கு ஒரு கொட்டை தருவதில்லை. கேட்டால், "ஒனக்கு நெஞ்சுல அடைப்புடா. முந்திரி ஆகாது. ஒன் நல்லதுக்குத்தான்" என்கிறார்.

போன மாதம் டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டேன். உப்புப் போடாமல் தினம் ஒரு கைப்பிடி தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அண்ணன் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எழுதி வாங்கிட்டு வா" என்றார்.